யுகேந்திரனின் வண்டி மட்டும் கத்துகிறது

எங்கள் துறையில் எலக்ட்ரிக் பைக்கைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுவதில்லை. கண்ணிலிருந்து காப்பாற்றுகிறோம்.

பாடத்திட்டம் அப்படி. திருட்டு விருப்பப் பாடம். யாரும் எடுப்பதில்லை. கண் திருஷ்டி முதல் தாள், இரண்டாம் தாள் இரண்டும் கட்டாயம். இறுதி ஆண்டில் ஆளுக்கொரு பைக் தருவார்கள். அதன் சீட்டுக்கு அடியில் பொருத்துவதற்கு ஆளுக்கொரு சர்க்யூட் போர்டு வடிவமைக்க வேண்டும். வண்டியை யாராவது பொறாமையோடு பார்த்தால் சைரன் கத்த வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ள வேண்டும். முன்பு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கிய இடத்தில் இப்போது சென்சார் தொங்குகிறது. அது வாடுவதில்லை என்பதற்காகத் துறைக்கு ஒரு விருது கிடைத்தது.

பொறாமை அசலாக இருக்க வேண்டும். நடித்தால் சென்சார் ஏற்காது. பொறாமைப்படும் ஆளை மாணவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

வைவா அன்று சைரன் கத்தினால் பாஸ். கத்தாவிட்டால் ஃபெயில். ஃபெயில் ஆனவர்கள் ஒரு வருடம் வண்டி ஷெட்டில் ஸ்டாண்டாக நிற்க வேண்டும். போன வருடம் ஃபெயில் ஆன பூபாலன் அண்ணன் இப்போது அங்கேதான் நிற்கிறார். என் வண்டியை அவர் மேல்தான் சாய்த்து வைப்பேன்.

“மெதுவா சாய்டா தம்பி,” என்பார். “வலது தோள்ல ஏற்கெனவே பிரின்சிபால் ஸ்கூட்டர் இடிச்சிருக்கு.”

அவர் நல்ல மனிதர். இருந்தாலும் எனக்கு ஸ்டாண்ட் ஆக விருப்பமில்லை.

யுகேந்திரனுக்கு அந்தக் கவலை இல்லை. அவன் வகுப்பில் முதல் மாணவன். அவன் வண்டியும் என் வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கறுப்பு. ஆனால் அவன் வண்டி ஷோரூமிலிருந்து நேராக வந்தது போல நிற்கும். என் வண்டி யாரிடமோ இரவல் கேட்டு வாங்கியது போல நிற்கும். அவன் வண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட நான் இருந்தேன். பார்க்கக்கூட வேண்டாம். நினைத்தாலே போதும், மூன்று கட்டடங்களுக்கு அப்பால் அது கத்தும். அவன் என்னிடம் கேட்டு ஏற்பாடு செய்யவில்லை. அதுவாக அமைந்தது. அவனுக்கு எல்லாமே அதுவாக அமையும்.

என் வண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட யாரும் இல்லை.

போர்டை முதலில் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். எது எதோடு சேர வேண்டுமோ அங்கெல்லாம் செம்புக் கோடு இழுக்க வேண்டும். அதற்கு டிராக் என்று பெயர். ஒரு டிராக் இன்னொன்றைத் தொடக் கூடாது. தொட்டால் புகை வரும்.

யுகேந்திரனின் டிராக்குகள் எதையும் தொடவில்லை. திருப்பங்களில் சற்றே சாய்ந்து, பந்தியில் இலையை மிதிக்காமல் நடக்கிறவரைப் போல ஒதுங்கிப் போயின. என் டிராக்குகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. முட்டிய இடங்களில் ஒயர் போட்டுத் தாண்டினேன். அந்த ஒயரைத் தாண்ட இன்னொரு ஒயர்.

கல்லூரிக் கட்டடங்கள் இந்த வரைபடங்களைப் பார்த்துத்தான் நடந்துகொள்ளும். இது எல்லா இடத்திலும் உள்ளதுதான். எங்கள் லைப்ரரி யுகேந்திரனின் போர்டுபடி அமைந்தது. அங்கே யாரும் யாரையும் இடித்துக்கொள்வதில்லை. புத்தகம் எடுக்காதவர்கள்கூடச் சும்மா நடந்துவிட்டு வருவார்கள். எங்கள் துறைக் காரிடார் என் போர்டுபடி அமைந்தது. லேபிலிருந்து கழிப்பறைக்குப் போக மெஸ்ஸைச் சுற்ற வேண்டும். ஒருநாள் நான் ஒரு டிராக்கைக் கொஞ்சம் நீட்டினேன். முதலாண்டுப் பையன் ஒருவன் கழிப்பறைக்குக் கிளம்பி இரண்டாம் ஆண்டில் திரும்பி வந்தான்.

ஹெச்.ஓ.டி. அங்கயற்கண்ணி மேடம் யுகேந்திரனின் வரைபடத்துக்குக் கண்ணாடி போட்டுத் துறை வாசலில் மாட்டினார். சந்தனம் வைத்தார்.

“உன்னோடதையும் மாட்டலாம்ப்பா,” என்று என்னிடம் சொன்னார். “ஆனா எந்தப் பக்கம் மேல்னு தெரியல.”

வரைந்ததைச் செம்புத் தகட்டுக்கு மாற்ற இஸ்திரிப் பெட்டி வேண்டும். வழவழப்பான தாளில் பிரிண்ட் எடுத்து, தகட்டின் மேல் கவிழ்த்து, தேய்க்க வேண்டும். மை தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தாளைக் கவிழ்ப்பதால் படம் இடவலம் மாறிவிடும். அதனால் பிரிண்ட் எடுக்கும்போதே ஒருமுறை மாற்றிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட வேண்டும்.

நான் போடவில்லை. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே யாரோ யுகேந்திரனின் கையெழுத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

போர்டு இடவலம் மாறி வந்தது. இடவலம் மாறிய போர்டு இடவலம் மாறித்தான் வேலை செய்யும். பிறர் என்மேல் பொறாமைப்பட்டால் கத்த வேண்டிய வண்டி, நான் பிறர்மேல் பொறாமைப்பட்டால் கத்தியது.

இது மெஸ்ஸில் தெரியவந்தது. யுகேந்திரன் தட்டில் ஆஃபாயில் முழுசாக விழுந்தது. என் தட்டில் மஞ்சள் கரு உடைந்து விழுந்தது. ஷெட்டில் இரண்டு வண்டிகள் சேர்ந்து கத்தின. அவனுடையது சரியான காரணத்துக்காகவும் என்னுடையது தவறான காரணத்துக்காகவும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாம்பார் ஊற்றுகிறவர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார்.

“அண்ணே, இவனுக்கு வேற நல்ல முட்டையா ஒண்ணு போடுங்க,” என்றான் யுகேந்திரன்.

இரண்டு வண்டிகளும் இன்னும் சத்தமாகக் கத்தின.

அன்றிலிருந்து என் மனதுக்குள் நடப்பதெல்லாம் கல்லூரிக்கே கேட்டது. அவனுக்கு இன்டர்னல் மார்க் வந்தால் என் வண்டி கத்தும். அவன் புதுச் செருப்பு வாங்கினால் கத்தும். அவன் தூங்கினால், என்னைவிட நன்றாகத் தூங்குகிறான் என்று கத்தும். மாணவர்கள் அதை வைத்து நேரம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

“தம்பி, காது போச்சுடா,” என்றார் பூபாலன் அண்ணன். “கொஞ்சம் மனசத் தேத்திக்கயேன்.”

யுகேந்திரன் என் அறைக்கு வந்தான். என் அறைத்தோழன் டைட்டஸ் அவனுக்குக் காற்று வீசினான். டைட்டஸ் தூத்துக்குடிக்காரன். மூன்றாம் செமஸ்டரிலிருந்து டேபிள் ஃபேன். தலை நம் பக்கம் திரும்பும்போது மட்டும் பேசுவான். மீதியைச் சுவரிடம் சொல்வான்.

நான் கழற்றி வைத்திருந்த போர்டை யுகேந்திரன் கையில் எடுத்தான். ஒரே பார்வை.

“மிரர் குடுக்கலையா மாப்ள?”

“குடுக்கல.”

“எனக்கும் ஃபர்ஸ்ட் டைம் இப்டித்தான் ஆச்சு.”

அவனுக்கு எதுவும் எப்போதும் அப்படி ஆனதில்லை. எனக்காகச் சொன்னான். ஷெட்டிலிருந்து அவன் வண்டியின் சைரன் கேட்டது. அவன் கேட்காதது போல இருந்தான். அதுவும் அழகாக இருந்தது.

சிப்பைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தான். அது செத்த கரப்பானைப் போலக் கால்களை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு காலுக்கும் முடி போன்ற ஒயர் வைத்து ஈயம் விட்டான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் ஈயம் வைத்தால் எறும்புப் புற்று மாதிரி வரும்.

“இனி உன்னப் பாத்து எவனாச்சும் வயிறெரிஞ்சா கத்தும்,” என்றான். “சரியாயிருச்சு.”

போர்டைத் திரும்பப் பொருத்திய பிறகு என் வண்டி அமைதியாக இருந்தது. அவன் வண்டி மட்டும் தொடர்ந்து கத்தியது.

“எல, அவன் நல்ல பயல,” என்றான் டைட்டஸ். “நீதான்ல...” தலை திரும்பிவிட்டது. சுவர் கேட்டுக்கொண்டிருந்தது.

வைவா நெருங்கியது. என்னைப் பார்த்து வயிறெரிய ஓர் ஆள் வேண்டும்.

முதலில் டைட்டஸிடம் கேட்டேன்.

“உன்மேலயா? பொறாமையா?” என்றான். சுவர் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தான். “ஒன் சட்டைய மொதல்ல தொவைல.”

வண்டியைக் கழுவினேன். மெழுகு போட்டேன். கூலிங் கிளாஸ் போட்டு ஷெட் முன்னால் நின்றேன். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டதாக நானே புரளி கிளப்பினேன். வந்தவர்கள் எல்லோரும் கை குலுக்கினார்கள். ட்ரீட் கேட்டார்கள். வாட்ச்மேன் என் தலையில் கை வைத்து, “நல்லா இருப்பா,” என்றார். வாழ்த்து சென்சாருக்கு ஆகாது. அதன்மேல் பனி பிடித்தது. துணியால் துடைத்தேன்.

நிர்வாகக் கட்டடத்தில் பொறாமைப் பிரிவு இருக்கிறது. என் காரிடார் வழியாகத்தான் போக வேண்டும். போகப் போக அது நீண்டது. வழியில் ஓர் இடத்தில் ஒயரைப் பிடித்துத் தாண்டினேன். போய்ச் சேர்ந்தபோது தாடி வளர்ந்திருந்தது. கவுன்டருக்குப் பின்னால் ஒரு மேடம் தயிர்ச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க இருக்கீங்களா?” என்றார்.

“இருக்கேன் மேடம்.”

“ப்ரூஃப்?”

ஆதார் கார்டைக் காட்டினேன்.

“இது நீங்க பொறந்ததுக்கு. இப்ப இருக்கீங்கன்னதுக்கு?”

கண்ணாடித் தடுப்பின்மேல் மூச்சு விட்டேன். படிந்த ஆவியின்மேல் சீல் குத்தினார். அது மறைவதற்குள் என் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடினார்.

“உங்களுக்கு வரவுன்னு ஒண்ணுமே இல்லையே தம்பி. பிறந்ததிலிருந்து யாரும் பட்டதில்ல.”

“ஸ்கூல்ல என் பென்சில் பாக்ஸப் பாத்து ஒருத்தன் பட்டான் மேடம்.”

திரையில் பார்த்தார். “அது அவனோட பாக்ஸு. நீங்க திருப்பிக் குடுக்கலைன்னு கோவப்பட்டிருக்கான். கோவம் ரெண்டாவது மாடி.”

நான் தலைகுனிந்தேன்.

“ஆனா உங்ககிட்டருந்து வெளிய போனது ஏகப்பட்டது இருக்கு,” என்றார். குரலில் மரியாதை கூடியது. “அம்புட்டும் ஒரே ஆளுக்கு. யுகேந்திரன். யாருப்பா அது?”

“கிளாஸ்மேட்.”

“அவரப் புடிங்க. இவ்ளோ வாங்கிருக்காரு. கொஞ்சம் திருப்பித் தரச் சொல்லுங்க.”

அது நியாயமாகப் பட்டது.

நாலுவழிச் சாலை ஓரத்து டீக்கடையில் யுகேந்திரனைப் பிடித்தேன். என் வண்டியை அவன் முன்னால் நிறுத்தினேன். அவன் வண்டி பக்கத்தில் நின்றது. நான் இருப்பதால் லேசாக முனகிக்கொண்டிருந்தது.

“என்மேல பொறாமப்படு,” என்றேன்.

“எதுக்கு மாப்ள?”

“நான் பாஸாகணும்.”

உடனே டீயைக் கீழே வைத்தான். என் வண்டியை உற்றுப் பார்த்தான். நெற்றியில் வியர்வை வந்தது. முழு மனதோடு முயன்றான். என் வண்டி சும்மா நின்றது.

“நல்ல வண்டிடா,” என்றான். “வேற ஒண்ணும் தோணல.”

“கெட்டதா நினை.”

“எப்டி?”

அவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருந்தது. நான்கு வருடத்தில் அவன் என்னிடம் ஒரு பாடம் கேட்டது அதுதான் முதல் முறை.

“வயித்துக்கு மேல ஒரு சூடு வரும். அங்கிருந்து காதுக்கு ஏறும். அப்புறம் நீ சிரிப்ப.”

“சிரிக்கணுமா?”

“சிரிச்சே ஆகணும். ரூமுக்குப் போய் அவன் ப்ரொஃபைல் போட்டோவப் பெருசாக்கிப் பாப்ப. பல்லு எங்கயாச்சும் கோணலா இருக்கான்னு.”

“இருக்குமா?”

“இருக்காது.”

என் பற்களைப் பார்த்தான். கண்ணை மூடினான். வயிற்றில் கை வைத்தான். “ஏதோ பண்ணுது மாப்ள,” என்றான். நான் நம்பிக்கையோடு சென்சாரைப் பார்த்தேன். அது பசி. இரண்டு பஜ்ஜி வாங்கி, பெரியதை எனக்குக் கொடுத்தான். அவன் வண்டி அலறியது. கடைக்காரர் பால் பாத்திரத்தைக் கீழே போட்டார்.

“பாத்தியா?” என்று தன் வண்டியைக் காட்டினான் யுகேந்திரன். கண்ணில் நன்றி தெரிந்தது. “நீ இல்லன்னா என் ப்ராஜெக்ட்டே இல்ல மாப்ள. ரிப்போர்ட்ல உன்னையும் சேத்துருக்கேன்.”

போனில் தன் சர்க்யூட் படத்தைக் காட்டினான். பேட்டரிக்கும் பஸருக்கும் நடுவில் என்னை வரைந்திருந்தான். சின்னதாக, சுத்தமாக, இரண்டு கால்களோடு. என்னைவிட நன்றாக இருந்தேன். என்னிடமிருந்து ஒரு டிராக் கிளம்பி, திருப்பத்தில் சற்றே சாய்ந்து, நேராக அவன் மதிப்பெண்ணுக்குப் போனது.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. நான் அவன் போர்டில் ஓர் உதிரிபாகம். பாகம் வேலை செய்யாவிட்டால் போர்டு வேலை செய்யாது. வைவா அன்று நான் பொறாமைப்படாமல் இருந்துவிட்டால் போதும். அவனும் ஸ்டாண்டு, நானும் ஸ்டாண்டு. பக்கத்துப் பக்கத்தில் நிற்போம்.

பயிற்சி எடுத்தேன். டைட்டஸ் சொல்லித்தந்தான்.

“கண்ண மூடு. யுகேந்திரன் நல்லா இருக்கட்டும்னு சொல்லு.”

“யுகேந்திரன் நல்லா இருக்கட்டும்.”

மூன்று கட்டடங்களுக்கு அப்பால் சைரன் கேட்டது.

“மனசாரச் சொல்லுல.”

“ஏற்கெனவே நல்லாத்தான இருக்கான்.”

சைரன் கூடியது. டைட்டஸ் சுவர் பக்கம் திரும்பி, திரும்பி வரவே இல்லை.

வைவா நாள் வந்தது. தேர்வு நடத்த வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தவணைகளில் வந்தார். முந்திரிப் பருப்பும் இளநீரும் வைத்திருந்ததால் வாய் காலையிலேயே வந்துவிட்டது. பிரியாணி இறக்கிய பிறகு காதுகள் வந்தன. கண்கள் வழியில் இருப்பதாகச் சொன்னார்கள். கையெழுத்துப் போடும் கை கடைசியாகத்தான் வருமாம்.

முதலில் யுகேந்திரன். வண்டியை செமினார் ஹால் நடுவில் நிறுத்தினான். ஹெச்.ஓ.டி. மேடம் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, என்னை அதில் நிற்க வைத்தார். அலையைப் பார்க்க ஆசிலோஸ்கோப்பை இணைத்தார்கள்.

“பொறாமைய ஆன் பண்ணுப்பா,” என்றார் மேடம்.

நான் பண்ணவில்லை. கூரையைப் பார்த்தேன். புளிக்குழம்பை நினைத்தேன். வண்டி அமைதியாக நின்றது. திரையில் நேர்கோடு ஓடியது. மேடம் முகம் மாறியது. வகுப்பில் முணுமுணுப்பு எழுந்தது. யுகேந்திரன் முதன்முறையாகத் தோற்கப் போகிறான். எனக்கு இனித்தது.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமே இல்லை.

“என்ன மாப்ள, மூஞ்சி வாடிருக்கு?” என்றான். “காலைல சாப்பிடலையா?”

சூடு வயிற்றிலிருந்து காதுக்கு ஏறியது. தோற்கும்போதுகூட அவன் என்னைவிட நல்லவனாக இருந்தான். சைரன் வெடித்தது. சக்கரம் பூட்டிக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது. திரையில் என் பொறாமை, நாய் மென்ற சீப்பு மாதிரி ஓடியது. எக்ஸ்டர்னலின் காதுகள் சிவந்தன.

“அபாரம்,” என்றது வாய். “நூத்துக்கு நூறு.”

அடுத்தது நான்.

என் வண்டியை நிறுத்தினேன். கவிழ்ந்த சிப்போடு அது நின்றது.

“யாராச்சும் பாருங்கப்பா,” என்றார் மேடம்.

எல்லோரும் பார்த்தார்கள். ரொம்பவும் அன்பாகப் பார்த்தார்கள். சென்சாரில் பனி பிடிக்க ஆரம்பித்தது.

“ஒருத்தருக்குமா வரல? கொஞ்சூண்டு? இவன் பேனா, இவன் செருப்பு, எதையாச்சும் பாத்து?”

என் செருப்பைப் பார்த்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கியது. திரையில் நேர்கோடு ஓடியது. ஹால் வாசலில் இரண்டு பேர் என்னை ஷெட்டுக்கு அழைத்துப் போகத் தயாராக நின்றார்கள். ஒருவர் கையில் டேப் இருந்தது. என் தோளின் உயரத்தை அளந்துகொண்டார்.

“மேடம், ஒரு டவுட்டு,” என்றான் யுகேந்திரன்.

“சொல்லுப்பா.”

“அவன் எப்டி மேடம் அத பண்றான்?”

“எத?”

“நாலு வருஷமா ஒரு நாள்கூட விடாம என்னையே நெனச்சிருக்கான். காலைல எந்திரிச்சா நான். படுத்தா நான். அவனுக்கு எப்பவும் மனசுல ஒரு ஆள் இருக்கு. எனக்கு முன்னாடி ஒருத்தரும் இல்ல மேடம். நான் எந்திரிச்சா யார நெனைக்க? லைப்ரரில நடந்தா யாரும் மேல இடிக்கக்கூட மாட்டேங்கறாங்க.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு என் வண்டியைப் பார்த்தான். கையை வயிற்றுக்கு மேல் வைத்தான். அவன் காதுகள் மெல்லச் சிவந்தன. பிறகு சிரித்தான்.

என் வண்டி கத்தியது.

முதலில் மெதுவாக எழுந்து, பிறகு ஒரே சீராக ஹாலை நிரப்பியது. சக்கரம் சொடுக்குப் போட்டது போலப் பூட்டிக்கொண்டது. கண்ணாடி எதுவும் விரிசல் விடவில்லை. நான் பாஸ். வாசலில் நின்றவர் டேப்பைச் சுருட்டினார்.

என்னை ஒருவன் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் யுகேந்திரன். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். நான்கு வருடத்தில் முதல்முறையாக என் வயிறு குளிர்ந்திருந்தது. அவன் வண்டி ஒரு மூலையில் ஊமையாக நின்றது.

“அலையப் பாருங்க,” என்றார் மேடம்.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். யுகேந்திரனின் பொறாமை வழவழவென்று ஏறி, வழவழவென்று இறங்கியது. ஒரு பிசிறு இல்லை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் வித்தியாசமே இல்லை.

“நாய்ஸே இல்லையே,” என்றார் மேடம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இதுக்கு முன்னாடி பட்டிருக்கியாப்பா?”

“இல்ல மேடம். இப்பத்தான் மொதத் தடவ.”

எக்ஸ்டர்னலின் கண்கள் அப்போதுதான் வந்து சேர்ந்தன. திரையைப் பார்த்ததும் விரிந்தன. கூடவே கையும் வந்துவிட்டது. ஒன்றுதான் வந்திருந்தது. கை தட்ட இன்னொன்று வேண்டும் என்று என் வலது கையை வாங்கிக்கொண்டு யுகேந்திரனுக்குத் தட்டினார்.

“இத ஃபிரேம் பண்ணணும்,” என்றது வாய்.

மேடம் சந்தனம் எடுத்துவர ஆள் அனுப்பினார்.

நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு வருட உழைப்பு என்னுடையது. லீவு எடுத்ததில்லை. காய்ச்சலிலும் விட்டதில்லை. அவன் ஒரு டீக்கடையில் ஒருமுறை கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

மூலையில் அவன் வண்டி கத்த ஆரம்பித்தது. நடுவில் என் வண்டி சுருதி சுத்தமாகக் கத்திக்கொண்டிருந்தது. ஹாலில் வேறு எதுவும் கேட்கவில்லை. யுகேந்திரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் காதருகே வந்தான். முகமெல்லாம் பயம்.

“மாப்ள, சரியா வந்துச்சா?” என்று கத்தினான். “நீ சொன்ன மாதிரிதான் பண்ணேன்.”

“பரவால்ல,” என்றேன்.

அவன் வண்டி இன்னும் ஓங்கிக் கத்தியது.